நோயாளியின் ரிப்போர்ட்டை வீட்டார் கேட்டால் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். சிறிய ஊர் ஒன்றில், 20 படுக்கையும் ஒரு லேபும் உள்ள தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கணவர், மாமியார், அண்ணன் என்று யாராவது வந்து ரிப்போர்ட் கேட்கிறார்கள். டாக்டர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்கிறார். ஒரு முறை போலீஸ்காரர் வந்து கேஸ் ஷீட்டைக் காட்டச் சொன்னார். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: பாதி ஊர் சொந்தக்காரர்களாக இருக்கும்போது, முகம் முறியாமல் எப்படி மறுப்பது? கஷ்டமான பாதி அதுதான், அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பல வருடம் வேலை செய்த பழக்கத்தில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போகக்கூடிய விஷயம் என்றால் உங்கள் டாக்டர் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வதே சரி.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். நோயாளி வாய்விட்டுச் சொன்னதும் பரிசோதனையில் தெரிந்ததும் அந்த நோயாளியின் ரகசியம். டாக்டர்களுக்கான ஒழுக்க விதிமுறைகள் 2002இல் வந்தவை. 2023 ஆகஸ்டில் புதிய விதிமுறைகள் அறிவிக்கப்பட்டு அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டதால், பழையவைதான் தொடர்கின்றன. அவற்றில் 7.14ஆம் விதி, தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கிறது. விலக்கு மூன்றுதான்: நீதிபதி உத்தரவிட்டால் கோர்ட்டில் சொல்லலாம், குறிப்பிட்ட ஒரு நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருப்பது தெளிவாகத் தெரிந்தால் சொல்லலாம், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் என்றால் சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். காசநோய் 2012இலிருந்து அந்த மூன்றாவது வகையில் இருக்கிறது. சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது என்றால் அவர்களுக்கு மட்டும் தெரிவிப்பது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அல்ல. இந்த மூன்றில் ‘கணவர்’ என்றோ ‘மகன்’ என்றோ ஒரு சொல் கிடையாது.

இந்த விதி நேராகக் கட்டுப்படுத்துவது டாக்டரை. உங்களைப் போன்ற ஊழியர்கள் வழியாக விவரம் வெளியே போனாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் டாக்டரும் மருத்துவமனையும்தான். ஆனால் ஹெச்.ஐ.வி. விஷயத்தில் நிலைமை வேறு. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம், நம்பிக்கையின் பேரில் தெரியவந்த ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை, எழுத்தில் பதிவான சம்மதம் இல்லாமல் எவரும் வெளியிடக் கூடாது என்கிறது. அந்த ‘எவரும்’ என்பதில் நீங்களும் ஆயாம்மாவும் அடக்கம். இதற்கெல்லாம் அடிப்படையாக 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பும் இருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். தகவல் கசிவு என்றதும் எல்லாரும் கம்ப்யூட்டர் திருடர்களைத்தான் நினைக்கிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கியது போன்ற தாக்குதல்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் 20 படுக்கை மருத்துவமனையில் விவரம் வெளியே போவது பெரும்பாலும் வாய் வழியாகவும், மேசைமேல் கிடக்கும் தாள் வழியாகவும், போன் வழியாகவும்தான்.

ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க அவருடைய கணவர் பில்லோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் தாமதமாகிவிட்டது. முடிவு ஊசி குத்தும்போதே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். “ரிப்போர்ட்டை யார்கிட்ட கொடுக்கலாம்மா? நீங்களே வர்றீங்களா, வேற யாராவது வாங்கிக்கிறாங்களா?” என்று கேட்டு, சொன்ன பெயரையும் ஒரு போன் நம்பரையும் ஓ.பி. சீட்டில் எழுதி, நோயாளியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அரை நிமிட வேலை. ஆனால் எங்கே கேட்கிறோம் என்பது முக்கியம். பதிவு மேசையில் மாமியார் தோளோடு தோள் நிற்கும்போது கேட்டால், “இவங்ககிட்டயே கொடுத்துடுங்க” என்பதைத் தவிர அந்தப் பெண்ணால் வேறெதுவும் சொல்ல முடியாது. ரத்தம் எடுக்கிற அறை, எடை பார்க்கிற இடம், பி.பி. பார்க்கிற இடம் என்று நோயாளி தனியாக இருக்கும் ஓரிடத்தில் லேப் டெக்னீஷியனோ சிஸ்டரோ கேட்க வேண்டும். கூட வந்தவரை அந்த ஒரு நிமிடம் வெளியே உட்காரச் சொல்வது மருத்துவமனை வழக்கம் என்றே ஆகிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணவரின் பெயர் சீட்டில் இருந்தால் கொடுத்துவிடலாம். உறையை ஒட்டி, மேலே பெயரும் பில் நம்பரும் மட்டும் எழுதுங்கள். என்ன டெஸ்ட் என்று உறையில் எழுதாதீர்கள். கொடுக்குமுன் நோயாளியின் முழுப் பெயர், பில் நம்பர் என்று இரண்டையாவது ஒத்துப் பாருங்கள்; ஒரே நாளில் இரண்டு ‘எஸ். லட்சுமி’ வருவது நம் ஊரில் அபூர்வம் இல்லை. அவர் பெயர் சீட்டில் இல்லையென்றால்: “ரிப்போர்ட் ரெடியா இருக்குண்ணா. அவங்க பேர் கொடுத்திருந்தாதான் கொடுக்க முடியும். அவங்க நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கொடுத்துடறேன். இங்க எல்லாருக்கும் இதே முறைதான்.” இதில் கடைசி வாக்கியம் வெறும் சமாதானம் இல்லை. அது உண்மையாக இருந்தால்தான் முறையே வேலை செய்யும். பல இடங்களில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு இங்கேதான்: ஹீமோகுளோபின், சர்க்கரை ரிப்போர்ட்டையெல்லாம் யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் “இதை டாக்டர்கிட்டதான் வாங்கணும்” என்பார்கள். அந்த நிமிடமே விஷயம் தெரிந்துவிட்டது. மறைத்த விதமே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அதே ஒட்டிய உறை, அதே கேள்வி, அதே கையெழுத்து இருந்தால் எந்த உறைக்குள் என்ன இருக்கிறதென்று வெளியே யாருக்கும் தெரியாது.

வரிசையில் நிற்பவர்களுக்குக் காது உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். “பிரெக்னன்ஸி டெஸ்ட்டுக்குக் கொடுத்தது யாரும்மா?” என்று கூப்பிடுவதற்குப் பதில் “டோக்கன் 14” போதும். என்ன பிரச்சினை என்று பதிவு மேசையில் விசாரிக்கத் தேவையே இல்லை. எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் வேலை முடிந்தது. பதிவேட்டை எதிரே நிற்பவர் படிக்கிற மாதிரி விரித்துவைக்காதீர்கள். மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். ஒரு பக்கம் அச்சான பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தை ரஃப் பேப்பராகவும் மாத்திரை மடிக்கவும் பயன்படுத்தும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய தாள்கள் எடைக்குப் போவதற்கு முன் கிழிக்கும் இயந்திரத்துக்குள் போக வேண்டும். சிறிய இயந்திரம் ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை.

நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பும்போது கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஹெச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். பெயர்ப்பலகையில் நோயின் பெயர் இருக்காது. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று மக்களுக்குத் தெரியும். அதனால் சீட்டில் அந்த இரண்டு வார்த்தை தெரிகிற மாதிரி கையில் கொடுப்பதும், “நம்பிக்கை மையத்துக்குப் போங்க” என்று மேசையிலிருந்து வழி சொல்வதும் முடிவையே அறிவிப்பதற்குச் சமம். சீட்டை மடித்து உறையில் போட்டு, வழியை டாக்டர் அறையிலேயே சொல்லிவிட வேண்டும். வார்டில் கேஸ் ஷீட்மேல் சிவப்பு மையால் எழுதுவது, கட்டிலில் தனி அட்டை தொங்கவிடுவது எல்லாம் இதே தவறுதான். ‘ஸ்டாஃப் பாதுகாப்புக்காக’ என்று காரணம் சொல்வார்கள். ஆனால் கையுறையும் ஊசி அகற்றும் முறையும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதே பாதுகாப்பு முறையின் அடிப்படை. டெஸ்ட் எடுக்காதவரிடமிருந்தும் தொற்று வரலாம். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சிவப்பு மை தேவைப்படுகிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

போனில் வரும் கேள்விக்கு நேரில் வருவதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் முகம் தெரியாது. “என் தங்கச்சி அங்க அட்மிட் ஆகியிருக்காளா?” என்றால் ஆம், இல்லை இரண்டுமே சொல்லாமல், “உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க, விசாரிச்சுட்டுக் கூப்பிடறேன்” என்று சொல்லுங்கள். நோயாளியிடமோ கூட இருப்பவரிடமோ கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்களையே பேசச் சொல்லலாம். ‘இங்கே இல்லை’ என்று பொய் சொல்ல வேண்டாம். பிறகு தெரியும்போது மருத்துவமனைமேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

வாட்ஸ்ஆப்பைச் சட்டம் தடுக்கவில்லை. 2020 மார்ச் 25 தேதியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்களில் அதன் பெயரே இருக்கிறது. ஆனால் சிக்கல் அதை நாம் பயன்படுத்துகிற விதத்தில். ஓ.பி. சீட்டில் இருக்கும் நம்பர் பல சமயம் நோயாளியுடையதாக இருக்காது. மகனுடையதாகவோ கணவருடையதாகவோ, வீட்டுக்கே பொதுவான ஒரு போனாகவோ இருக்கும். ஒரு இலக்கம் தப்பினால் ரிப்போர்ட் முன்பின் தெரியாதவருக்குப் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து எளிய வழி ஒன்று உண்டு: நோயாளியையே தன் போனிலிருந்து மருத்துவமனை நம்பருக்குத் தன் பெயரையும் பில் நம்பரையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செய்திக்குப் பதிலாக ரிப்போர்ட்டை அனுப்பினால் நம்பரை நாம் அடிக்க வேண்டிய வேலையே இல்லை, சம்மதமும் எழுத்தில் வந்துவிடும். மருத்துவமனைக்கென்று தனி போன் இருக்க வேண்டும். உங்கள் சொந்த போனிலிருந்து அனுப்பாதீர்கள். அதில் படங்கள் கேலரிக்குப் போய்விடும், கேலரியை வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பார்கள், நீங்கள் வேலையை விட்டாலும் பேக்கப்பில் கிடக்கும். மருத்துவமனை போனிலும் படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதை அணைத்துவையுங்கள். கோப்பின் பெயரில் டெஸ்டின் பெயர் வரக் கூடாது, ஏனென்றால் பூட்டிய திரையிலேயே அது தெரியும். பில் நம்பரே கோப்பின் பெயராக இருக்கட்டும். பி.டி.எஃப்.க்குக் கடவுச்சொல் வைப்பது நல்லது. ஆனால் பிறந்த வருடத்தை வைத்தால் வெளியாளிடமிருந்துதான் காப்பாற்றும், வீட்டாரிடமிருந்து காப்பாற்றாது. ஹெச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநலம், பால்வினை நோய் தொடர்பான எதையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டாக்டர் நேரில் சொல்லட்டும். மற்ற ரிப்போர்ட்டுகளிலும் சிலவற்றை “நேரில் வாங்கிக்கோங்க” என்று கலந்து சொன்னால் இதுவும் தனியாகத் தெரியாது.

டாக்டர்கள் தங்களுக்குள் ஆலோசனை கேட்டுக் குழுவில் போடும் எக்ஸ்ரே படங்கள் இன்னொரு பெரிய ஓட்டை. ஃபிலிமின் மூலையில் பெயர், வயது, தேதி அச்சாகியிருக்கும், ஈ.சி.ஜி. தாளின் தலைப்பிலும் அப்படியே. வெட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சிறிய ஊரில் பெயரை எடுத்துவிட்டாலும் போதாத சமயம் உண்டு: ‘38 வயது ஆசிரியை, நேற்று இரவு விஷம் குடித்து வந்தவர்’ என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

குடும்பத்துக்குள் யாருக்கு என்ன உரிமை என்பதில் சில இடங்கள் தெளிவாக இருக்கின்றன. கருக்கலைப்பில் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்தில் சேர்ந்த 5ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதித்தவரைத் தவிர யாரிடமும் அந்தப் பெண்ணின் பெயரையோ விவரத்தையோ டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கான அட்மிஷன் பதிவேடு தனியாகப் பூட்டிவைக்க வேண்டிய ரகசிய ஆவணம்; பொது மேசையில் அதற்கு இடமில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கு வந்த சிறுமியின் அடையாளத்தை அந்தத் தகவலில் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

ஹெச்.ஐ.வி. உள்ளவரின் துணைவருக்குச் சொல்லலாமா என்பதும் இப்போது தெளிவு. 1998இல் உச்ச நீதிமன்றம், திருமணம் செய்யவிருக்கும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்னும்போது ரகசியம் முழுமுற்றான உரிமை ஆகாது என்றது. 2017 சட்டம் அதற்கு ஒரு முறையை வகுத்தது. சொல்லக்கூடியவர் டாக்டரும் ஆலோசகரும் மட்டும். துணைவருக்குத் தொற்று வரும் ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும். துணைவரிடம் நோயாளியே சொல்லும்படி அவருக்கு ஆலோசனை கூறியிருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். ‘நான் சொல்லப்போகிறேன்’ என்று அவருக்கு முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும். பெண் அடிபடுவார், வீட்டைவிட்டுத் துரத்தப்படுவார் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அவருடைய துணைவருக்கு டாக்டர் சொல்லவே கூடாது. இதில் வரவேற்பு மேசைக்கு எந்தப் பங்கும் கிடையாது.

தெளிவில்லாத இடங்களும் உண்டு. ‘அப்பாவுக்குப் புற்றுநோய்னு அவர்கிட்ட சொல்லாதீங்க, எங்ககிட்ட சொல்லுங்க’ என்று பிள்ளைகள் கேட்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. சட்டத்தின் பார்வையில் முதல் உரிமை அப்பாவுக்குத்தான். ஆனால் பல பெரியவர்கள் “எதுன்னாலும் என் பையன்கிட்ட பேசுங்க” என்று மனதாரச் சொல்கிறார்கள். அதுவும் அவர்களுடைய முடிவுதான். அதை அவர் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்வது டாக்டரின் வேலை. மகன் சொன்னார் என்பதற்காக நாமே அனுமானிக்கக் கூடாது. அலுவலகத்திலிருந்து போன் செய்து, ஊழியர் கொடுத்த மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் உண்மைதானா என்று கேட்பது இன்னொன்று. சீட்டு எங்களுடையதுதான் என்று மட்டும் சொல்லலாம் என்பவர்கள் உண்டு. அதையும் நோயாளியின் எழுத்துச் சம்மதத்தோடு செய்வது பத்திரம். என்ன நோய் என்பதைச் சம்மதமில்லாமல் சொல்லவே கூடாது.

போலீஸ் விஷயத்தில் பதற வேண்டாம். விபத்து, தாக்குதல், விஷம் போன்ற எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட) கேஸ்களில் டியூட்டி டாக்டர் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவது வழக்கமான கடமை, அது ரகசிய மீறல் ஆகாது. கேஸ் ஷீட் வேண்டுமென்றால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் கேட்கலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவாக இருந்தது. வாய்மொழியாகக் கேட்டால், “லெட்டர் கொடுத்தீங்கன்னா டாக்டர்கிட்ட காட்டி ஏற்பாடு பண்றேன் சார்” என்று மரியாதையாகச் சொல்லி டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். கேட்ட ஆவணத்தை மட்டும் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள்.

ரகசியம் என்ற பெயரில் நோயாளிக்கே மறுப்பதும் நடக்கிறது. அது நேர்மாறான தவறு. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே 2002 விதிமுறைகள் சொல்கின்றன. உள்நோயாளி பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

வீட்டில் சித்தியோ பெரியம்மாவோ “நம்ம தெரு ஆளு ஒருத்தர் அங்க வந்தாராமே, என்னவாம்?” என்று கேட்பார்களே, அதற்கு: “அங்க வர்றவங்களப் பத்தி வெளிய பேசக் கூடாது சித்தி. நாளைக்கு நீங்க வந்தாலும் இதே கதைதான்.” இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை கேட்க மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் தவறு நடக்கும். தப்பான நம்பருக்கு ரிப்போர்ட் போய்விட்டால் முதல் சில நிமிடங்கள்தான் முக்கியம். வாட்ஸ்ஆப்பில் உடனே ‘எல்லாருக்கும் நீக்கு’ கொடுங்கள். பெற்றவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து ஒளிப்பதால்தான் சின்னத் தவறு பெரிதாகிறது. நோயாளிக்கு டாக்டர் நேரடியாகத் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் அவர் வீட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கலாம். தேதி, நேரம், என்ன போனது, யாருக்குப் போனது, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. 18 மாத அவகாசம் முடிந்ததும், இப்படி ஒரு கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை ஆகிவிடும். வாரியத்துக்கான முழு விவர அறிக்கைக்கு 72 மணி நேரம். அந்த நோட்டு இப்போதே இருந்தால் அன்றைக்குத் திணற வேண்டியிருக்காது.